இன்னும் நேரம் வரவில்லை

ஜூலை 3, வியாழன்

கிணறு இன்றும் திறக்கவில்லை. தொட்டால் அதே வரிதான் வருகிறது: "இன்னும் நேரம் வரவில்லை."

இது நிஜக் கிணறு இல்லை. முகில்தீவு என்ற ஆன்லைன் விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தீவு உண்டு. மீன் பிடிக்கலாம், காய்கறி போடலாம், அடுத்த தீவுக்காரர்களிடம் விற்கலாம். தீவின் வடக்கு மூலையில் ஒரு கிணறு, அதன்மேல் கல் மூடி. சிலருக்கு அந்த மூடி ஒருநாள் தானாக விலகிவிடுகிறது. உள்ளே படிகள், படிகளுக்குக் கீழே வெள்ளி மீன்கள் உள்ள ஏரி. என்ன செய்தால் திறக்கும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பெரும்பாலோருக்குத் திறக்கவே இல்லை. என் வகுப்பு நிஷாதான் மே விடுமுறையில் இதை அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அம்மா இப்போது போனைத் தொடுவதில்லை. அதனால் அது என்னிடமே இருக்கிறது.

அம்மா படுத்திருக்கிறாள். பள்ளி திறந்த வாரத்தில் படுத்தவள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். போன வருஷம் புரட்டாசியிலும் இப்படித்தான் படுத்தாள், கார்த்திகையில் எழுந்தாள். எழுந்த அன்று ஒன்றுமே நடக்காததுபோலத் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள்.

சோறும் ரசமும் வைத்தேன். ரசத்தில் உப்பு கூடிவிட்டது. அம்மா நான்கு வாய் சாப்பிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. கரித்துக் கொட்டுகிறது என்று சொல்லியிருக்கலாம்.

ஜூலை 5, சனி

விளையாட்டுக்குள் அரட்டை அறைகள் உண்டு. தமிழ் பேசுகிறவர்கள் கூடும் அறைக்குப் பெயர் 'தமிழ்க் கரை'. அங்கே யாரும் உண்மைப் பெயரில் வருவதில்லை. நான் 'நூலகப்பூச்சி'. பதினொன்றாம் வகுப்பு என்று தெரிந்ததும் எல்லாரும் பூச்சி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்று காலை அறையே அல்லோலகல்லோலப்பட்டது. கேப்டன் கலாவுக்குக் கிணறு திறந்துவிட்டது. அவர் சேலத்தில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா.

"நேத்து கிணத்தச் சுத்தி ஏழு பூசணிக்கொடி வெச்சேன். இன்னிக்கி காலைல பாத்தா மூடி நவுந்து கெடக்குது. பூசணிதான். எழுதி வெச்சுக்கங்க."

ரேண்டம் ரகு என்பவர் சென்னையில் புள்ளியியல் படிக்கும் கல்லூரி மாணவர். கிணறு தற்செயலாகத்தான் திறக்கிறது என்பது அவர் கட்சி. அவர் கேட்டார்: "அக்கா, நேத்து காபி குடிச்சீங்களா?"

"குடிச்சேன் தம்பி, அதுக்கென்ன?"

"அப்ப காபிதான் காரணம்."

பரோட்டா பாண்டியனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மதுரையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். "டேய் ரகு, ஒருத்தன் வேலை மெனக்கெட்டு கிணறு வெக்கிறான், மூடி வெக்கிறான், உள்ள ஏரி வெக்கிறான். சாவி வெக்காமயா விடுவான்?"

"சாவி இருக்கு ப்ரோ. அதுக்குப் பேரு பகடை."

"ஒனக்கு உங்கப்பாரு பேரு வெச்சாரா, இல்ல குலுக்கிப் போட்டு எடுத்தாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அம்மா படுத்திருக்கும் அறையை எட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

நான் பாண்டியன் அண்ணன் பக்கம். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதுதானே அறிவியல், என்று எழுதினேன்.

"பூச்சி, பகடை விழுறதுக்கும் காரணம் இருக்கு. அந்தக் காரணம் உன் கைல இல்ல, அவ்ளோதான்" என்றார் ரகு.

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியானம் பூசணி விதை வாங்கிக் கிணற்றைச் சுற்றி வைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஒரு விஷயத்தை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அம்மா எழுந்தாள். முழுதாக எழவில்லை. ஆனால் உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். "பேன் பிடிச்சிருக்கா பாரு, தலையச் சொறிஞ்சிக்கிட்டே இருக்க" என்றாள். அரைமணி நேரம் பழைய அம்மாவாக இருந்தாள். பிறகு மறுபடி படுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு என்ன வித்தியாசம்? யோசித்துப் பார்த்தேன். அன்று பேச்சுப்போட்டிப் பயிற்சிக்குப் போகாமல் சீக்கிரம் வந்துவிட்டேன். முன்வாசலில் அடுத்த வீட்டு வண்டி நின்றதால் பின்வாசல் வழியாக வந்தேன். வாசலிலிருந்தே "அம்மா" என்று கத்தவில்லை. கரண்டு இல்லை, அதனால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

இயற்பியல் ஆய்வகத்தில் ஊசல் சோதனையின்போது சார் சொன்னார்: நீளத்தை மாற்றும்போது எடையை மாற்றாதே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அப்போதுதான் எது காரணம் என்று தெரியும்.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அப்பா பஸ் கண்டக்டர். இன்று டூட்டிக்குப் போனால் நாளைதான் வருவார். அவருக்கு ஒரு விதி உண்டு. அம்மாவின் காதுபட 'ஆஸ்பத்திரி' என்று யாரும் சொல்லக் கூடாது. போன வருஷம் அவர்தான் ஒருநாள் சொன்னார், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்போமா செண்பகம், என்று. அம்மா அதன்பின் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதிலிருந்து அந்தச் சொல் எங்கள் வீட்டில் கிடையாது. அத்தைகூடச் சொல்வதில்லை.

"அவளப் போட்டு யாரும் ஒண்ணும் கேக்காதீங்க. நேரம் வரும்போது தானா எந்திப்பா" என்பார் அப்பா.

கிணற்று மூடியும் இதையேதான் சொல்கிறது.

ஜூலை 9, புதன்

திங்கள்: பின்வாசல் வழியாக வந்தேன். ஒன்றும் இல்லை.

செவ்வாய்: பின்வாசல், கூப்பிடவும் இல்லை. அம்மா திரும்பிப் பார்த்தாள். ஒருவேளை இதுவாக இருக்கலாம்.

இன்று: பின்வாசல், கூப்பிடவில்லை, மெயின் சுவிட்சையும் நானே அணைத்தேன். வேர்வையில் அம்மாவின் கழுத்தெல்லாம் நனைந்துவிட்டது. எழவில்லை. மீண்டும் போட்டுவிட்டேன். கரண்டு காரணம் இல்லை. அல்லது கரண்டு தானாகப் போக வேண்டுமோ என்னவோ.

சாயங்காலம் பேங்கில் வேலை பார்க்கும் அக்கா ஜாக்கெட் கேட்டு வந்தார். தங்கை கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்தது. வெட்டிய துணி அப்படியே மெஷின்மேல் இருக்கிறது.

"அம்மா எங்கம்மா?"

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்காங்கக்கா."

"எப்ப வருவாங்க?"

"தெரியலைக்கா."

கடைசியில் சொன்னது மட்டும் உண்மை. அவர் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

ஜூலை 14, திங்கள்

தமிழம்மா ராஜாத்தி டீச்சர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். மாவட்டப் பேச்சுப்போட்டிக்குப் பள்ளியிலிருந்து என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"ஏட்டி, பயிற்சிக்கு ஏன் வர மாட்டேங்க? மைக்கப் பாத்தா பயமா? போன வருஷம் மேடைய விட்டு எறங்க மாட்டேன்னு நின்ன புள்ள!"

"சீக்கிரம் வீட்டுக்குப் போகணும் டீச்சர்."

"வீட்ல யாருக்கும் முடியலயா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க டீச்சர்."

"பொறவு என்ன?"

பதில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அம்மா எழுந்த அந்தச் சனிக்கிழமை நான் பயிற்சிக்குப் போகவில்லை. மற்ற எதையும் மாற்றலாம், இதை மாற்ற முடியாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 15, செவ்வாய்

பேச்சுப்போட்டியில் என் இடத்தில் சுகிர்தா பேசுகிறாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 19, சனி

ஆடிக்காற்று. தெருவில் இருக்கும் கரிசல் தூசி முழுவதும் வீட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டு முறை பெருக்கினேன். பெருக்கும்போது துடைப்பச் சத்தம் அம்மாவுக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று இரண்டாவது முறை ஈரத்துணியால் துடைத்தேன்.

தமிழ்க் கரையில் பூசணிச் சண்டை. எல்லாரும் பூசணி வைத்ததில் விளையாட்டுச் சந்தையில் விதை விலை மூன்று மடங்கு ஏறிவிட்டது. யாருக்கும் திறக்கவில்லை.

"பூசணி வெச்சும் தொறக்காதவங்க கையத் தூக்குங்க" என்றார் ரகு. வரிசையாகக் கைப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. நானும் ஒன்று போட்டேன்.

கலா அசரவில்லை. "எந்தப் பக்கம் பாத்து வெச்சீங்க?"

"கிழக்கப் பாத்து."

"அதான்! நான் வடக்கப் பாத்துல்ல வெச்சேன்."

"நான் வடக்கப் பாத்துத்தான்க்கா வெச்சேன்" என்றார் பாண்டியன்.

"தண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேன்."

"எப்ப?"

"சாயங்காலம்."

"காலைல ஊத்தணும் சாமி!"

ரகு எழுதினார்: "கவனிக்கிறீங்களா? தொறந்தவங்க மட்டும்தான் கதை சொல்றாங்க. அதையே செஞ்சும் தொறக்காதவன் வந்தா, நீ தப்பாச் செஞ்சேங்கிறோம். இப்படியே போனா எந்தக் காரணமும் பொய்யாகவே ஆகாது."

"ஆரம்பிச்சுட்டான்யா காலேஜு" என்றார் பாண்டியன். எல்லாரும் சிரித்தார்கள்.

மத்தியானம் வேலம்மாள் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, வெளியே வந்து அப்பாவிடம் மெதுவாகப் பேசினாள்.

"திருச்செந்தூருக்கு நடந்து போகணும்னு நேந்துக்கோ. எல்லாம் சரியாப் போவும்."

"போன வருஷம் நடந்தேனேக்கா."

"செருப்புப் போட்டுக்கிட்டுல்லா நடந்த!"

"எட்டயபுரம் தாண்டின பொறவுதான் போட்டேன். கால் வெந்து போச்சு."

"அதச் சொல்லு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நீ என்ன இப்பிடி மெலிஞ்சு போயிட்ட? சாப்பிடுதியா இல்லியா?"

"சாப்பிடுதேன் அத்தை."

அம்மா சாப்பிடாத நேரத்தில் நானும் சாப்பிடுவதில்லை. அது விதி இல்லை. பசிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 24, வியாழன்

பின்வாசல். கூப்பிடவில்லை. அம்மா இன்று அரை டம்ளர் கஞ்சி மட்டும் குடித்தாள்.

வகுப்பில் நிஷா ஏதோ ஜோக் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்று மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஜூலை 28, திங்கள்

பின்சந்தில் சாக்கடைக்குக் குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். தாண்ட முடியவில்லை. நிஷா கணக்கு நோட்டு வாங்க என்னோடு வந்திருந்தாள். அவள் முன்வாசல் கதவைத் தள்ளிவிட்டாள். நானும் அவள் பின்னால் நுழைந்து, பழைய பழக்கத்தில், "அம்மா" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். வாயை விட்டுப் போன பிறகுதான் தெரிந்தது.

அம்மா கட்டிலில் இல்லை. குளியலறை வாசலில் கிடந்தாள். நெற்றியில் வாசற்படி இடித்து ரத்தம். கண் பாதி திறந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் தூக்கி உட்கார வைத்தோம். எடையே இல்லை. நிஷா ஓடிப்போய்ச் சர்க்கரை கலந்த தண்ணீர் கொண்டுவந்தாள். அம்மா இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "தல சுத்திட்டு" என்றாள்.

"ஆட்டோ கூப்பிடுறேண்டி. ஆஸ்பத்..."

நான் நிஷாவின் வாயைப் பொத்திவிட்டேன். உள்ளங்கையை வைத்து, அழுத்தி. அவள் பல் என் கையில் பட்டது.

கையை எடுத்ததும் அவள் நோட்டை எடுத்துக்கொள்ளாமலேயே போய்விட்டாள்.

ரத்தத்தைத் துடைத்து மஞ்சள் வைத்தேன். அப்பா வந்ததும் வழுக்கிவிட்டது என்று சொன்னேன்.

ஜூலை 29, செவ்வாய்

நேற்று முன்வாசல் வழியாக வந்தேன். கூப்பிட்டேன். அதுதான் காரணம்.

ஜூலை 31, வியாழன்

நிஷா வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்திருக்கிறாள்.

சாக்கடைக் குழியைத் தாண்டிக் குதித்துப் பின்வாசல் வழியாகவே வருகிறேன். முழங்காலில் சிராய்ப்பு. எரியவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

இன்று முகில்தீவை உருவாக்கியவர்கள் அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததை ரகு தமிழ்க் கரைக்காக மொழிபெயர்த்துப் போட்டார். நான் அகராதி வைத்து மூலத்தையும் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார்.

கிணற்றுக்கு எந்த நிபந்தனையும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒருவர் முதல் முறை உள்ளே நுழையும்போது கணினி ஒரு பகடை உருட்டுகிறது. ஆயிரத்தில் ஒரு முறை திறக்கும். என்ன நட்டோம், எப்போது வந்தோம், எவ்வளவு நாள் விளையாடினோம் எதுவும் கணக்கில் வராது. அது ஒரு சின்ன ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் வைத்தார்களாம். பலர் மனம் நொந்து எழுதுவதால் இப்போது சொல்கிறார்களாம்.

முதலில் பாண்டியன்தான் எழுதினார். "அப்ப ரெண்டு மாசமா நான் செஞ்சதெல்லாம்?"

"பூசணி நல்லா வளந்துச்சு ப்ரோ" என்றார் ரகு.

"டேய், நேர்ல கெடச்ச, செத்தடா."

கலா ஒத்துக்கொள்ளவில்லை. "அவிங்க சொல்றாங்கன்னா நம்பிடறதா? உள்ளதச் சொல்லுவாங்களா? எனக்குப் பூசணியாலதான் தொறந்துச்சு. அத மாத்த முடியாது."

"சரிக்கா. உங்களுக்குத் தொறந்துருச்சு, நீங்க நம்பலாம், நஷ்டமில்ல" என்றார் ரகு. "தொறக்காதவங்கதான் பாவம். என்ன தப்புப் பண்ணோம், என்ன தப்புப் பண்ணோம்னு ஒக்காந்து தேடிட்டு இருந்தாங்க."

நான் எழுதினேன். எழுதி அழித்து, மறுபடி எழுதினேன். "அப்படியென்றால் திறக்காதவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லையா?"

"இல்ல பூச்சி. யாரும் ஒண்ணும் செய்யல."

"ஒரே ஒருநாள் மட்டும் ஒன்றை மாற்றிச் செய்து, அன்றைக்கே மோசமாகிவிட்டால்?"

"என்ன மோசமாச்சு? கிணத்துல மோசமாக என்ன இருக்கு?"

சிறிது நேரம் கழித்து அவர் தனிச் செய்தி அனுப்பினார். "பூச்சி, நீ கிணத்தப் பத்தித்தான் கேக்குறியா?"

போனை அணைத்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் இட்லி ஊற்றினேன். அது வேகும்வரை யோசித்தேன்.

அம்மா விழுந்த அன்று நான் முன்வாசல் வழியாக வந்தேன், கூப்பிட்டேன். ஆனால் நான் கூப்பிடும்போதே அவள் கீழே கிடந்தாள். ரத்தம் கொஞ்சம் உறைந்திருந்தது. நான் பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போதே அவள் விழுந்திருக்கிறாள். இது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் செவ்வாய்க்கிழமை வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். அவள் அரை டம்ளர் கஞ்சி மட்டும் குடித்தாள் என்றும் நானே எழுதியிருக்கிறேன்.

பிறகு போன வருஷத்தை யோசித்தேன். அப்பா அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு இரண்டு நாள் சாப்பிடவில்லை. சரி. சொல்வதற்கு முந்தைய இரண்டு நாள்? சாப்பிட்டாளா? அவள் சாப்பிடாததால்தான் அப்பா அந்தப் பேச்சையே எடுத்தார்.

அப்பா பின்கட்டில் காக்கிச் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும்."

அவர் கையில் இருந்த சட்டை அப்படியே வாளிக்குள் விழுந்தது. எழுந்து வந்து சமையலறைக் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசு தாயி. அவ காதுல விழுந்திரப் போவுது."

"விழட்டும்ப்பா."

"உனக்குத் தெரியாது. போன வருஷம் நான் சொல்லித்தான்..."

"நீங்க சொல்லதுக்கு முன்னாடியே அம்மா சாப்பிடல. நீங்க சொன்னதால இல்ல."

"நேரம் வரும்போது..."

"நேரம்னு ஒண்ணு இல்லப்பா. போன வருஷம் எந்திச்சாங்க. அது அன்னைக்கு. இந்த வருஷமும் எந்திப்பாங்கன்னு யார் சொன்னா? அவங்க வழுக்கி விழல. சாப்பிடாம மயங்கி விழுந்தாங்க. நான் பொய் சொன்னேன்."

என் குரல் இவ்வளவு பெரியது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. கதவைத் திறந்து, அம்மாவின் அறைக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். "அம்மா, நாம ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

நான் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. அம்மா சுவரையே பார்த்தபடி இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சேலை மாத்தணும்" என்றாள்.

திரும்பினால் அப்பா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை சோப்பு நுரை. "ஒரு வருஷமா தாயி" என்றார். "நான் வாய விட்டதாலதான் இப்பிடின்னு ஒரு வருஷமா..."

இட்லியில் தீய்ந்த வாடை ஏறிவிட்டது. தண்ணீர் வற்றியதை யாரும் கவனிக்கவில்லை. மூன்று பேரும் அதையே சாப்பிட்டோம். அம்மா ஒன்றரை இட்லி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. அப்பா லீவு போட்டிருந்தார்.

பஸ்ஸில் அப்பா பயணியாக உட்கார்ந்திருந்தது வேடிக்கையாக இருந்தது. கண்டக்டர் அவருக்குத் தெரிந்தவர். "என்ன மாமா, குடும்பத்தோட எங்க?" என்று கேட்டார். அப்பா ஒரு கணம் தயங்கிவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு மாப்ள. இவளுக்கு முடியல" என்றார். பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படி. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மனநலப் பிரிவு மாடியில் இருந்தது. நிறையப் பேர். எங்களைப்போலவே சாதாரணமான ஆட்கள். ஒரு அம்மா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் நீட்டினாள். ஒரு பெரியவர் டோக்கன் எண்ணைத் தப்பாகக் கூப்பிடுகிறார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா என் தோளில் சாய்ந்துகொண்டாள். சாய்வதற்கு அங்கே வேறு இடம் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

டாக்டர் ஒரு பெண். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். நெற்றிக் காயத்தைப் பார்த்தார், எடை பார்த்தார், தூக்கம், பசி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள்.

"எதனால ஆரம்பிச்சுதுன்னு நெனைக்கிறீங்க?"

அப்பா முந்திக்கொண்டார். "அவ தம்பி கூடச் சண்டை டாக்டர். இல்லன்னா தையல் வேலை கூடிப்போச்சு. நானும் வீட்ல இருக்க மாட்டேன். போன வருஷம் நடைபயணம் போனப்ப செருப்பு..."

டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க சொல்லுங்கம்மா."

"எதனாலயும் இல்ல டாக்டர்" என்றாள் அம்மா. "வருது. வந்தா எந்திக்க முடியல."

"சில பேருக்கு அப்படித்தாம்மா வரும். யார் மேலயும் குத்தம் இல்ல. ஆனா வைத்தியம் இருக்கு."

மாத்திரை எழுதினார். உடனே சரியாகாது, சில வாரம் ஆகும், இடையில் நிறுத்தக் கூடாது, ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்றார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நாங்கள் எழுந்தோம்.

அம்மா மட்டும் எழவில்லை.

"டாக்டர், இவளையும் பாருங்க."

"யாரை?"

"எம் மகள. அவளுக்கு என்னமோ செய்யுது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே தெருமுக்குல இருந்து கத்திக்கிட்டு வார புள்ள. இப்போ பூனை மாதிரி வாரா. வாயத் தொறக்க மாட்டேங்கா. சிரிக்க மாட்டேங்கா. எனக்குக் கேக்கணும்னு இருக்கு, ஆனா நாக்கு எந்திக்கல. நீங்க கேளுங்க."

இந்த இரண்டு மாதத்தில் அம்மா சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசியதில்லை. பேசி முடித்ததும் மூச்சு வாங்கியது.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "சொல்லும்மா."

எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன்.

அடுத்த டோக்கன்காரர் இரண்டு முறை கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போகும்வரை நான் பேசினேனாம். அப்பா சொன்னார். நடுநடுவே அழுதேனாம், அதுவும் அவர் சொல்லித்தான் தெரியும். கரண்டு, சாக்கடைக் குழி, நிஷாவின் வாய், சுகிர்தா எல்லாம் சொன்னேனாம். எனக்கு நினைவிருப்பது கடைசியாக டாக்டரிடம் கேட்டது மட்டும்தான்.

"அம்மா படுத்துக்கிட்டது என்னாலயா?"

டாக்டர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"இல்லட்டி" என்றாள்.